உடையாத கம்பு

அப்பாவை ஏரியிலிருந்து வெளியே எடுத்தபோது அவர் இழுத்துச் சென்ற பனிவண்டி உடைந்து சிதறியிருந்தது. வண்டியை இடுப்புப் பெல்ட்டோடு இணைத்த இரண்டு அலுமினியக் கம்புகள் மட்டும் வளையக்கூட இல்லை. பக்கத்து வீட்டு கலெர்வோ அவற்றைத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான்பா" என்றான். எங்கே எதைப் பேசுவது என்று தெரியாத ஜென்மம். ஆனால் சொன்னது உண்மை. உறைந்த ஏரியின் மெலிந்த இடத்தை அப்பா சறுக்குப் பலகையில் கடந்துவிட்டார். பின்னால் வந்த பார வண்டியைத்தான் பனிப்பாளம் தாங்கவில்லை. கம்பு விடாமல் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

இந்தக் குளிர்காலம் என் தம்பி ஓய்வா அதே இனாரி ஏரியில் பனிக்கடியில் வலை போடக் கிளம்பினான். புது வண்டிக்குக் கம்பு வேண்டும். வெறும் கயிற்றில் இழுத்தால் இறக்கத்தில் வண்டி பின்னால் வந்து காலை வாரிவிடும்.

"பிர்ச் மரக் கம்பு கனம். ஃபைபர் வளையுது. கொட்டகையில அப்பாவோடது சும்மாதானே தொங்குது?" என்றான்.

"அதத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

"அப்ப உன் தலைமுடியில பின்னிக் குடு, இழுத்துட்டுப் போறேன்."

நான் இரண்டு பிவிசி பைப்பை எடுத்து நீட்டினேன்.

"குளிர்ல இது படக்குன்னு ஒடஞ்சிரும்க்கா."

"அதுக்குத்தாண்டா தர்றேன்."

பைப்பைத் தட்டிப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான். அசட்டுத்தனமாக நான் சந்தோஷப்பட்டேன்.

கொட்டகைக்குப் போனால், பைப்புகளை போல்ட் போட்டு முடுக்கிவிட்டு, உள்ளே நைலான் கயிறு கோத்து இரு முனையிலும் இறுக்கிக் கட்டியிருந்தான்.

"பைப்பு ஒடஞ்சாலும் கயிறு விடாது. எப்படி என் மூளை?"

சண்டை போட்டால் அலுமினியத்தை எடுப்பான். பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்தவன். காப்பி குடிக்க அவன் உள்ளே போனதும் கயிறுகளை உருவி நடுவில் அறுத்தேன். துண்டுகளை இரு பக்கமிருந்தும் உள்ளே தள்ளி, முடிச்சைப் பழையபடி போட்டு வைத்தேன்.

புறப்படும் நாளில் ஏரி அடிவயிற்றிலிருந்து முனகியது. கரை ஓரமாகவே போவதாகச் சொன்னான். நான் நம்பவில்லை. ஏரி குறுகும் இடத்தில்தான் மீன் அதிகம். அடியில் நீரோட்டம் ஓடுவதால் பனிப்பாளம் மெலிந்திருப்பதும் அங்கேதான். அப்பா போனதும் அங்கேதான்.

அன்று முழுக்க ஜன்னலை விட்டு நகரவில்லை. வெளிச்சம் மங்கும்போது தனியாக வந்தான். பின்னால் வண்டி இல்லை. இடுப்பின் இரு பக்கமும் உடைந்த பைப்புத் துண்டுகள் தொங்கின. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வல, அடுப்பு எல்லாம் போச்சு. வண்டி உள்ள எறங்கி என்னையும் பின்னால இழுத்துச்சு. அதுக்குள்ள உன் பைப்பு ஒடஞ்சிருச்சு. கயிறும் கூடவே போச்சு, மட்டமான கயிறு."

"நீ வந்துட்டல்ல. அது போதும்."

"என்ன போதும்? இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தா வெளிய இழுத்திருப்பேன்."

"அப்பாவும் அதத்தாண்டா நினச்சிருப்பாரு."

நான் கொடுத்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். கலெர்வோவிடம் ஒரு வண்டி சும்மா கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி, ஈரக் காலணியைக் கூடக் கழற்றாமல் வெளியே போனான். எங்காவது நின்று அழுதுவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொட்டகையில் துளைபோடும் சத்தம் கேட்டது. மரத்தில் இறங்கும் சத்தமில்லை, அப்பாவின் அலுமினியம் கீச்சிடும் சத்தம்.