கோடு போட்ட கலங்கரை விளக்கம்

தணிகாசலத்துக்குக் கோடு என்றால் உயிர். பட்டுச்சேலைக் கரைக்கு மயில், யாளி, மாங்காய் என்று கட்டம் போட்ட தாளில் டிசைன் எழுதுவது அவர் தொழில். ஒரு கட்டம் பிசகினாலும் தறியில் மயிலுக்கு மூக்கு கோணிவிடும். தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் அவர் எழுதிய தாளைத் திருப்பிக் கொடுத்த தறி முதலாளி கிடையாது. அந்தத் திமிரும் அவருக்குக் கொஞ்சம் உண்டு.

கூடப் படித்த சிநேகிதர் தேவசகாயம், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். பார்க்கப் போன தணிகாசலத்திடம், அட்டையில் வரைந்து துணி சுற்றிய ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"மெட்ராஸ்ல கண்காட்சி. புதன்கிழமைக்குள்ள சேர்க்கணும். கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றியாபா? இத்தினி வருஷத்துல இது ஒண்ணுதான் நான் நெனச்ச மாதிரியே வந்துருக்குது."

வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்த தணிகாசலம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கமாம். எங்கே? தூரிகையால் ஒற்றி ஒற்றி எடுத்த வண்ணத் திட்டுகள்தான் இருந்தன. கோபுரத்துக்கு ஓரமே இல்லை. பாறை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கடல் மஞ்சளாக இருந்தது.

'அடப்பாவமே, காமாலை கண்ணுலயும் ஏறிக்கினு இருக்குது, இவனுக்கே தெரியலையே' என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதை இப்படியே கொண்டுபோனால் மெட்ராஸில் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? சிநேகிதன் மானம் தன் கையில் இருப்பதாகப் பட்டது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சைக்கிளை மிதித்தால் பத்து நிமிஷம். நோயாளி மனசை எதற்காகப் புண்படுத்துவது என்று கேட்காமல் விட்டார்.

இருவரும் புழங்கியது, தண்ணீரில் கரைத்துப் பூசும் ஒரே போஸ்டர் கலர். செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்த மனுஷர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கறுப்பில் கோபுரத்துக்கு ஓரம் கட்டினார். கல் கல்லாக வரிசை பிரித்தார். கடலுக்கு நல்ல நீலம் பூசி, அலைக்கு அலை வெள்ளை நுரை வைத்தார். படம் பளிச்சென்று ஆனது. மறுநாள் பஸ் ஏறிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பரிசு வந்தது! இரண்டாம் பரிசு. பள்ளிக்கூடமே கொண்டாடியது. தேறி எழுந்த தேவசகாயம் பட்டணத்துக்குப் போய், சான்றிதழையும் படத்தையும் வாங்கிக்கொண்டு, நேரே தணிகாசலம் வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்தார்.

"இது உன்னுதுபா."

தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "காமாலையில உன் கண்ணு மஞ்சளாயிட்டுதுன்னு நெனச்சிட்டேன், சகாயம்."

"மார்கழியிலயே வரைஞ்சது. அப்ப எனக்கு ஒரு காய்ச்சல்கூட இல்ல. பொழுது விடியசொல்ல பாறைமேல குந்திக்கினு பாத்தேன். கடல் அப்படித்தான் இருந்துது."

"தப்பு பண்ணிட்டேன். நாலு வார்த்தை திட்டிடுபா."

"எப்படித் திட்டுறது? தப்புன்னு ஒருத்தரும் சொல்லலையே. பிரைஸுல்ல குடுத்துக்கிறாங்க!"

தேவசகாயம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் பூசணிக்காயும் கூஜாவும் வரைந்து காட்டினாரே தவிர, தனக்கென்று ஒரு படம் அவர் போடவில்லை.

பரிசு வராமல் போயிருந்தாலாவது மன்னிப்புக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும் என்று தணிகாசலம் மனசுக்குள் குமைந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தில் தான் போட்டதை மட்டும் எடுத்துவிடலாம் என்று பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடலின் ஓரத்திலிருந்து மெதுவாக ஒற்றினார். நீலம் வந்தது. அடியில் துளி மஞ்சள் தெரிந்தது. இன்னொரு முறை ஒற்றினார். நீலமும் மஞ்சளும் ஒன்றாகக் கலந்து பஞ்சில் பச்சையாக வந்தன. அட்டை வெறும் வெள்ளையாக இருந்தது.