பதினாலாம் நம்பர் நாற்காலி

புதிதாக வரும் சூப்பர்வைசர்கள் முதல் நாளில் என்ன செய்வார்கள் என்பது வெளியூர் டெலிபோன் கால்களை இணைத்துக் கொடுக்கும் அந்த டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஒருவர் சுவர்க் கடிகாரத்தை இடம் மாற்றினார். அடுத்தவர், வேலை நேரத்தில் யாரும் தலையில் பூ வைக்கக்கூடாது என்றார். அதுவும் மதுரையில், மல்லிகை சீசனில். மூன்றாமவர் மேஜையில் ஒரு மணியை வைத்துக்கொண்டு அதைத் தட்டித் தட்டி வேலை வாங்கப் பார்த்தார். மூன்று மாதத்தில் மணி காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஆகவே 1981 ஜூன் மாதத்தில் ஜெயக்கொடி என்ற புது சூப்பர்வைசர் வருகிறாள் என்றதும் பெண்கள் வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள். வயது முப்பத்து நாலு. சமயநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். திண்டுக்கல்லில் பதினோரு வருஷம் ஆபரேட்டராக இருந்து பதவி உயர்வில் வருகிறாள். அங்கே எல்லோரும் மாமி என்று கூப்பிடும் மூத்த ஆபரேட்டர் சாவித்ரியின் சர்வீஸே இருபத்தாறு வருஷம். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளை "மேடம்" என்று கூப்பிட வேண்டுமே என்ற சங்கடம் சாவித்ரிக்கு லேசாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வந்தவள் எதையும் மாற்றவில்லை. மேடையில் போட்டிருந்த சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "எனக்கு ஒரு ஹெட்செட் குடுங்க" என்று வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதலாம் நம்பர் இடத்தில் இருந்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் அங்கே. அப்புறம் இரண்டாம் நம்பர். எந்த லைன் அடிக்கடி அறுந்து போகிறது, சுவிட்ச்போர்டில் எந்தச் செருகி தொளதொளவென்று இருக்கிறது என்று சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே போனாள். மறுநாள் காலையில் பழுது பார்க்கிறவர் வந்து ஆறு செருகிகளை மாற்றினார். வருஷக்கணக்காக மனுப் போட்டும் நடக்காத காரியம் அது.

"வேவு பார்க்குது" என்றாள் ஆபரேட்டர்களில் ஒருத்தியான ஸ்யாமளா. ஆனால் அவள் குரலில் பழைய கேலி இல்லை.

சாவித்ரி மட்டும் புது சூப்பர்வைசரின் கண்ணில் படாமல் இருக்கப் பார்த்தாள். அவளுக்கு இடது காது கேட்காது. நாலு வருஷமாக அந்தக் காது முழுக்கவே அடைத்துப் போயிருந்தது. ஹெட்செட்டில் காதுக்குழாய் ஒன்றுதான் உண்டு. மற்றவர்கள் அதை ஒரு காதில் மாட்டிக்கொண்டு, இன்னொரு காதை அறைக்கு விட்டுவைப்பார்கள். ஏனென்றால் சூப்பர்வைசர் மேடையிலிருந்து சத்தம் போட்டுத்தான் எதையும் சொல்வார்: "பதினாலு, ராமநாதபுரம் லைன் வந்திருச்சு." சாவித்ரி நல்ல காதைக் குழாய்க்குக் கொடுத்துவிட்டால் அறை அவளுக்கு ஊமைப்படம்தான்.

அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. சாவித்ரியின் இடம் கடைசி, பதினாலாம் நம்பர். இடது பக்கம் சுவர். வலது பக்கம் முத்துத்தாய். மேடையிலிருந்து பதினாலு என்று குரல் வந்தால் முத்துத்தாயின் கால் மேஜைக்கு அடியில் மாமியின் காலை ஓர் இடி இடிக்கும். மாமி திரும்பிப் பார்ப்பாள். "நான் இருக்கேன்ல மாமி" என்று முத்துத்தாய் சொன்ன ஒரு வார்த்தையில் நாலு வருஷம் ஓடியிருந்தது. வெளியே தெரிந்தால் மெடிக்கல் போர்டு, அப்புறம் வீட்டுக்கு வழி. வில்லாபுரத்து வீட்டில் கணவர் கைலாசநாதன் பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கை. அந்த வீடு இவள் வேலையில்தான் நின்றது.

வியாழக்கிழமை ஸ்யாமளா மேடைக்குப் போய்ப் புகார் வைத்தாள். பதினாலாம் நம்பருக்கு நேர் மேலே ஃபேன் இருக்கிறது. மாமி ஒன்பது வருஷமாக அங்கேயே குடியிருக்கிறாள். மற்றவர்களுக்கு வியர்க்காதா என்றாள். ஜெயக்கொடி யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. திங்கள் முதல் எல்லோருக்கும் இடம் சுற்றி வரும் என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

சாவித்ரி மத்தியானம் அவளிடம் போய் நின்றாள். "நேக்கு வயசாயிடுத்து மேடம். ஃபேன் இல்லேன்னா மயக்கமா வரது. என்னை மட்டும் அங்கேயே விட்டுடுங்கோளேன்."

"ஃபேனுதான் காரணம்னா கஷ்டம்மா. வந்த வாரத்துலயே உங்களுக்கு ஒரு நியாயம், ஸ்யாமளாவுக்கு ஒரு நியாயம்னு ஆரம்பிச்சேன்னா அப்புறம் இந்த ரூமுல ஒருத்தரும் என்னை நம்ப மாட்டாக."

நியாயமான பேச்சுதான். சாவித்ரி தன் இடத்துக்குத் திரும்பி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை முத்துத்தாய் லீவு. மகனுக்கு அம்மை போட்டிருந்தது. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்க, சாவித்ரி நிமிஷத்துக்கு ஒரு தரம் மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். பதினொரு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து லைட்னிங் கால், ராமநாதபுரத்துக்கு. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முதலில் போக வேண்டிய கால் அது. லைன் செத்துக் கிடந்தது. சாவித்ரி கால் விவரம் எழுதிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து பயந்து அழும் ஆளைக் குழாயில் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

மேடையிலிருந்து ஜெயக்கொடி கூப்பிட்டாள். "பதினாலு, ராமநாதபுரம் பேசுங்க."

சாவித்ரி அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பதின்மூன்றாம் நாற்காலியைத் தாண்டி எல்லாத் தலைகளும் திரும்பின. மூன்றாவது தடவை ஜெயக்கொடி கூப்பிடவில்லை. இறங்கி வந்து, ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதி சாவித்ரியின் கண்ணெதிரே வைத்தாள்: "ராமநாதபுரம் ரெடி."

சாவித்ரி அதைப் படித்தாள். உடனே செருகியைச் சொருகினாள். லைனில் அடைமழை பெய்கிற மாதிரி இரைச்சல். பேசுகிற இருவருக்கும் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. சாவித்ரி நடுவில் புகுந்தாள். "உங்க தங்கைக்கு ரத்தம் வேணுமாம். உங்க ரத்தம் சேருமாம். உடனே கிளம்பி வரச் சொல்றார்" என்று ராமநாதபுரத்துக்குச் சொன்னாள். ஆஸ்பத்திரி ஆளிடம், "அவர் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு வரேங்கறார், தைரியமா இருங்கோ." அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு வார்த்தையைக்கூட அவள் தவறவிடவில்லை. முத்துத்தாயின் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற ஜெயக்கொடிக்கு அதில் பாதிகூடப் புரியவில்லை. அவளும் பதினோரு வருஷம் இதே வேலை பார்த்தவள்தான்.

டியூட்டி முடிந்ததும் சாவித்ரி நேராக மேடைக்குப் போனாள். மறைத்துப் பிழைத்தது போதும் என்று ஆகிவிட்டது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மேடம்."

"திங்கக்கெழமை பேசுவம்மா. இன்னைக்கு வீட்டுக்குப் போங்க" என்று ஜெயக்கொடி நோட்டை மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாவித்ரிக்கு எப்படிப் போயிற்றென்று அவளுக்கே தெரியாது. கணவருக்குக் கஞ்சி ஊட்டும்போது இரண்டு தடவை கை தவறிச் சிந்தினாள். திங்களன்று மெமோ தயாராக இருக்கும் என்றே நினைத்தாள்.

திங்கள் காலையில் சுவரில் இரண்டு காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று இடம் சுற்றும் பட்டியல். பதினாலில் ஸ்யாமளா. சாவித்ரிக்கு ஆறு, அறையின் நட்டநடு. ஃபேனும் இல்லை, சுவரும் இல்லை, பக்கத்தில் முத்துத்தாயும் இல்லை.

இரண்டாவது காகிதத்தை ஜெயக்கொடி வாயாலும் சொன்னாள். "இன்னையிலருந்து இந்த ரூமுல யாரும் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது. முதல்ல நானு. லைன் வந்தா, டிக்கெட் மாத்தணும்னா, எதுன்னாலும் சீட்டுல எழுதி மேஜையில வைக்கணும். நாம போடுற சத்தம் அம்புட்டும் பேசுறவங்க காதுல விழுகுது. சந்தைக்கடையில நின்னு பேசுற மாதிரி இருக்குன்னு திண்டுக்கல்லுலயே எங்கிட்டச் சொல்லியிருக்காக."

ஸ்யாமளா முணுமுணுத்தாள். ஆனால் ஒரு மணி நேரத்தில் அறை கோயில் பிராகாரம் மாதிரி அமைதியானது. இரண்டாம் தடவை "என்ன ஊரு?" என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்த ஸ்யாமளா பறக்கிற டிக்கெட்டுகளைத் துரத்திப் பிடிப்பதிலேயே பாதி நேரத்தைக் கழித்தாள். அது தெரியாமல் ஒன்பது வருஷம் பொறாமைப்பட்டிருக்கிறாள், பாவம்.

ஆறாம் நம்பரில் சாவித்ரி மேடையைத் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. இந்தச் சின்னப் பெண் தனக்கென்று ஒரு சலுகையும் தரவில்லை; நாற்காலியையும் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் பதினாலு பேருக்கும் பொதுவாக ஒரு சட்டம் போட்டு, ஒருத்தி நிமிர்ந்து உட்கார வழி செய்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தாயிற்று. இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று அவள் மனம் நிறைந்து போயிற்று.

இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். இடைவேளையில் ஒரு சீட்டை எடுத்து, "எனக்கு இடது காது கேட்காது. நாலு வருஷமாக" என்று எழுதி, மேடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பினாள்.

பத்து நிமிஷம் கழித்து ஜெயக்கொடி அவள் பின்னால் வந்து, ஒரு சீட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனாள். சாவித்ரி எடுத்துப் படித்தாள்.

"உங்கள் வலது காது ஒன்றே எனக்குப் போதும். ராமநாதபுரம் ரெடி. பேசுங்கள்."

கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொள்ள நேரம் இல்லை. செருகியைச் சொருகி, "ராமநாதபுரம்" என்றாள்.