அரிப்புக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று

விவசாயி ஐயாவுவுக்குக் கோபம் வந்தால் ஊர் வாய்க்கால் தண்ணீர்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். நன்னிலம் பக்கத்தில் கட்சியின் கிளைச் செயலாளர். பகுத்தறிவுக்காரர். சாமி, சகுனம், சோசியம் எதைக் கண்டாலும் ‘ஏன், எதற்கு’ என்று கேட்டே பழகியவர். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பச்சை டப்பாவிடம் மட்டும் அதைக் கேட்க மறந்துவிட்டார்.

டப்பாவின் மேல் இலைப் படம். உள்ளே மன அமைதிக் கேப்சூல். “தாசில்தார் ஆபீஸ் போறப்ப ஒண்ணு போட்டுக்குங்கப்பா, கத்தமாட்டீங்க” என்று செல்லதுரை போனில் சொல்லியிருந்தான்.

கத்தாமல் இருப்பதில்தான் நிலமே தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா காலத்திலிருந்து ஐயாவு குத்தகைக்கு உழுகிற வயல் அது. பக்கத்தில் புது ரோடு வந்ததும் உரிமையாளர் துரைராசுவுக்கு அந்த வயலில் நெல் தெரியவில்லை, மனைக்கட்டுகள் தெரிந்தன. “இவங்க குத்தகைதாரரே இல்லை, கூலிக்கு வந்தவங்க” என்பது அவர் வாதம். குத்தகை என்று பதிவாகிவிட்டால் ஐயாவுவை அசைக்க முடியாது. ஆகாவிட்டால் அடுத்த நடவுக்கு வயலில் நாற்றுக்குப் பதில் கல் நட்டிருப்பார்கள். இத்தனைக்கும் இருவரும் ஒரே கட்சி. வேட்டியில் கரை ஒன்றுதான், வரப்பில்தான் தகராறு.

தாலுகா ஆபீஸ் அமைதிப் பேச்சுவார்த்தையில் எப்போதும் ஒரே நாடகம். துரைராசு மெல்ல ஒரு சொல்லை உருட்டிவிடுவார். ஐயாவு எழுந்து மேசையைக் குத்துவார். தாசில்தார் மங்களாம்பிகை கூட்டத்தை ஒத்திவைப்பார். துரைராசு வெற்றிலையை மடித்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

இந்த முறை கூட்டமும் அறுவடையும் ஒரே நாளில் வந்தன. காலையில் அறுப்பு மிஷினுக்குப் பின்னால் நின்றதில் நெல் சுணை உடம்பெல்லாம் ஏறி, ஐயாவு நின்ற இடத்தில் நிற்காமல் சொறிந்தார். போகிற வழியில் ஹலீமாவின் மருந்துக்கடையில், வண்டி ஓட்டிய மனைவியை நிறுத்தச் சொன்னார்.

“புது மாத்திரை தரவா மாமா? தூக்கம் அவ்வளவா வராது.”

“அதெல்லாம் நம்ம தோலுக்குப் பத்தாது. பழைய மாத்திரையே குடும்மா.”

“அது தூக்கம் கொடுக்கும். வண்டி ஓட்டாதீங்க. வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?”

“மருந்தா, நானா?” என்று ஐயாவு சிரித்தார். பச்சை டப்பா அவர் கணக்கில் மருந்து இல்லை. இலைப் படம்தானே போட்டிருக்கிறது. காலையில் கீரை தின்றதை மருந்துக்கடையில் சொல்வார்களா?

அரிப்புக்கு ஒன்றை அங்கேயே விழுங்கினார். தாலுகா ஆபீஸ் வாசலில் அமைதிக்கு ஒன்று. துரைராசுவின் கார் நிற்பதைப் பார்த்ததும் அமைதிக்கு இன்னொன்று. வண்டியை மட்டும் மனைவி செவ்வந்தியையே ஓட்டவிட்டார். அந்த ஒரு பேச்சைக் கேட்டதால்தான் இந்தக் கதை சிரிக்கிறபடி இருக்கிறது.

தாசில்தார் “உட்காருங்க” என்றது ஐயாவுவுக்குத் தெரியும். மேலே மின்விசிறி சுற்றியதும் தெரியும். மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

துரைராசு வழக்கம்போல ஒரு சொல்லை உருட்டினார். “கிளைச் செயலாளர்னா வயலு சொந்தமாயிடுமா?” ஐயாவு தோள்துண்டின் மேல் கைகளைக் கோத்து, கண்ணை மூடி, மோவாயை மார்பில் வைத்திருந்தார். செவ்வந்திக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுமையா?

துரைராசு இரண்டாவதாக ஒன்றை உருட்டினார். அப்பனை இழுத்தார். ஐயாவு மெல்லத் தலையாட்டினார். பெரிய ஞானி சின்னப் பிள்ளைக்குத் தலையாட்டுவது போலிருந்தது. அதுதான் துரைராசுவால் தாங்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவரே எழுந்துவிட்டார்.

“என்னடா பெரிய மனுசன் மாதிரி நடிக்கிற? உங்கப்பன் காலத்துலேருந்து எங்க நெலத்தைக் குத்தகைக்கு உழுது தின்னுட்டு, இப்ப என் முன்னாடியே கண்ணை மூடிக்கிறியா?”

அதுவரை கூட்டங்களில் பையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த செவ்வந்தி வாயைத் திறந்தாள்.

“மேடம், குத்தகைன்னு அவுங்க வாயாலயே சொல்லிட்டாங்க. எழுதிக்குங்க.”

மங்களாம்பிகை எழுதிக்கொண்டு, உத்தரவுக்கு இன்னொரு தேதி சொன்னார். கையெழுத்துப் போட அழைத்தபோதுதான் ஐயாவு எழவில்லை. உலுக்கினால் கண் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. நாக்கு குழறியது. செவ்வந்தியின் பெருமையெல்லாம் ஒரு நொடியில் வற்றிப்போனது. துரைராசுதான் கால் பக்கம் தூக்கினார், தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கார் சீட்டில் எச்சில் வழிந்ததை அவர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

செவ்வந்தி பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டி, அரிப்பு மாத்திரையையும் சொன்னாள். டாக்டர் திருப்பிப் பார்த்தார்.

“இதுவும் தூக்கம் கொடுக்குற வேருதாம்மா. அரிப்பு மாத்திரையும் தூக்கம். ரெண்டும் சேர்ந்தா ஆளை அமுக்கிடும். நல்லவேளை வண்டி ஓட்டலை. மூச்சைக் கவனிக்கணும், இங்கயே இருக்கட்டும்.”

“இலை படம் போட்டிருந்திச்சே...” என்று கட்டிலில் ஐயாவு முனகினார்.

“அரளியிலகூடத்தான் இலை இருக்கு.”

அவர் தெளிந்து வீடு வருவதற்குள் முச்சந்தியில் பிளெக்ஸ் வந்துவிட்டது. மூடிய கண்களுடன் ஐயாவு, கீழே ‘மௌனப் புயலே’. கட்சியின் மாவட்ட நிர்வாகி ஒருவர் போன் செய்து, பொதுக்குழுவுக்கு அந்தக் கேப்சூல் கொஞ்சம் கிடைக்குமா என்று விசாரித்தார்.

புகழ் யாரை விட்டது. உத்தரவு நாளன்று காலை ஐயாவு அலமாரியைத் துழாவினார்.

“பாதிப் பாதி போட்டா ஒண்ணும் ஆவாது செவ்வந்தி.”

“டப்பா ஹலீமாகிட்ட இருக்கு. நீங்க தூங்குறதைப் பார்த்து நான் ஒரு தடவை செத்துப் பொழைச்சது போதும். வெளியில ஒக்காருங்க, உள்ள நான் போறேன்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். மாத்திரை இல்லாமல் முதுகு அரித்தது. உள்ளே துரைராசுவின் குரல் உயர்ந்தது: “ஏதோ கோவத்துல சொன்னது மேடம்.” ஐயாவு எழுந்தார். துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செவ்வந்தியின் குரல் உயரவே இல்லை. ஊரில் யார் யார் அந்தக் களத்தில் குத்தகை நெல் அளந்ததைப் பார்த்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனது.

அவள் வெளியே வந்தாள். “குத்தகைன்னு பதிவாயிடுச்சு. பேரு எழுதியாச்சு.”

“என் பேருதானே?”

“என் பேரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டேன்.”

ஏன், எதற்கு என்று கேட்க ஐயாவு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு முதுகைத் திருப்பிக் காட்டினார். செவ்வந்தி பையைக் கீழே வைத்துவிட்டுச் சொறிந்துவிட்டாள்.