காலி நிலத்துக்கு ஒரு பெயர்

'காலி நிலம்' என்று எழுதியிருந்ததில் 'லி' சரியாக அவள் அம்மாவின் அடுப்படி மேல் உட்கார்ந்திருந்தது. 'கா' டெய்லர் அக்கா வீட்டுக் கூரையில். 'நி' பெரியப்பாவின் தண்ணீர் டிரம்மின் மேல். 'லம்' பொதுக் கழிப்பறை வரைக்கும் காலை நீட்டிப் படுத்திருந்தது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தில் எதுவுமே மறைவில்லை. மழைக்காக அப்பா கூரையில் விரித்துக் கல் வைத்திருந்த நீலத் தார்ப்பாய்கூட விரல்நகம் அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அத்தனையும் தெரிகிற படத்தின் மேல் எவனோ ஒருத்தன் கூசாமல், கொட்டை எழுத்தில், காலி நிலம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தான்.

அவள் அந்த எழுத்தின் மேல் சொடுக்கினாள். சுற்றிலும் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. அழிக்கும் விசையை ஒரு தட்டு தட்டினாள். போயிற்று. இவ்வளவுதானா என்று கடுப்பாக வந்தது.

நகரத்துக்குப் புதிதாகக் குடிநீர்க் குழாய் போடப்போகிறார்கள். அதற்கு முன்னால் எந்தத் தெரு எங்கே போகிறது, எந்தத் தெருவில் எத்தனை வீடு என்று வரைந்து கொடுப்பதுதான் இந்த அலுவலகத்தின் வேலை. படத்தைப் பார்த்துக் கூரைக்கு ஒரு கட்டம், தெருவுக்கு ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு பெயர். கட்டம் விழுந்த வீட்டுக்குக் குழாய் கணக்காகும். விழாத வீடு, அங்கே பிள்ளை குட்டியோடு ஆள் இருந்தாலும், கணக்கில் காலி நிலம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊரார் வீட்டுக்கெல்லாம் கட்டம் போட்டுக்கொண்டிருந்தவளிடம் அவள் பகுதியின் வரைபடத் தாள் வந்து சேர்ந்தது இன்று காலையில்தான். சாயங்காலம் அது அச்சுக்குப் போகிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். தகரக் கூரை, ஓட்டுக் கூரை, பாதி சிமென்ட் பாதி தகரம் என்று இருந்த சித்தி வீட்டுக் கூரை, எதையும் விடவில்லை. ஒவ்வொரு மூலையிலும் சொடுக்கும்போது 'இந்தா, இந்தா' என்று யாரையோ அறைகிற மாதிரி இருந்தது. கடைசியாக நடுவில் தெருவுக்கான கோட்டை இழுத்தாள். கோடு சிவப்பாக மாறியது. ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது: பெயர் இல்லை.

அது, வரைந்ததையெல்லாம் சரிபார்க்கிற செக்கிங் சார் வைத்த விதி. முன்பு யாரோ பெயரில்லாத கோடுகளாக இழுத்துத் தள்ளி, மொத்த வேலையும் திரும்பி வந்து, அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து பெயரில்லாத தெரு எதுவும் தாளில் நிற்காது. தாளை மூடும்போது மென்பொருளே அதைத் துடைத்துவிடும். தெருவோடு சேர்த்து, அதில் இருக்கிற வீடுகளையும்.

"சார், இந்தத் தெருவுக்குப் பேர் இல்ல."

செக்கிங் சார் டீ கிளாஸோடு வந்து திரையைக் குனிந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

"பேர் இல்லாத தெரு எங்கம்மா இருக்கு? பக்கத்துல என்ன?"

"பஸ் டிப்போ."

"அப்ப டிப்போ பின்பக்கச் சந்துன்னு போட்டு முடி. எப்பவும் அப்படித்தானே போடுறோம்."

"மனுஷங்க இருக்காங்க சார். டிப்போவுக்குப் பின்பக்கம்னா என்ன அர்த்தம்?"

"யம்மா, எதுக்கு இப்ப சாமியாடுற? நான் என்ன உன் வீட்டையா சொன்னேன்?" அவர் சிரித்தார். "நாலு மணிக்குத் தாளை மூடிடுவேன். அதுக்குள்ள வேற பேர் கிடைச்சா போடு. எங்கேர்ந்து கிடைச்சதுன்னும் எழுதணும், சும்மா கற்பனை பண்ணக் கூடாது."

உன் வீட்டையா சொன்னேன். அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது, திரும்பி உள்ளே போயிற்று. மெயின் ரோட்டு அடுக்குமாடியில் இருப்பதாகத்தான் இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். கூட வேலை செய்கிற பெண்களோடு அந்த நிறுத்தத்தில் இறங்கி, அவர்கள் போகிற வரைக்கும் அந்தக் கேட்டருகே செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்று, பிறகு டிப்போவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். அந்தத் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டம் வாங்கிக் கற்றுக்கொண்டது இந்தச் சுற்று வழியைத்தான் என்று நினைத்தபோது தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

மாடிப்படித் திருப்பத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். பின்னால் குடங்கள் மோதும் சத்தம். தண்ணீர் லாரி வந்திருக்கிறது.

"என்னடி, வேலை நேரத்துல?"

"நம்ம தெருவுக்கு என்னம்மா பேரு?"

"எந்தத் தெரு?"

"நாம இருக்கற தெரும்மா!"

"அதுக்கு எதுக்குடி பேரு?"

விஷயத்தைச் சொன்னாள். சொன்னது தப்பாகப் போயிற்று. அம்மா அதை அப்படியே தண்ணீர் வரிசைக்கே கேட்கும்படி ஒப்பித்தாள். அடுத்த நொடி போனுக்குள் ஒரு சந்தையே கூடிவிட்டது.

"முதல்ல இங்க வந்து குடிசை போட்டது எங்கப்பா. அவரு பேரைத்தான் வெக்கணும்." பெரியப்பா.

"போட்டாரு, போட்டுட்டு என் மாமனார்கிட்ட தகராறும் பண்ணாரு. அந்தப் பேர்ல தண்ணி வந்தா எனக்கு வேண்டாம்." டெய்லர் அக்கா.

"நகர்னு முடியற மாதிரி வை பாப்பா, கல்யாணப் பத்திரிகைல போட நல்லாருக்கும்." சித்தி.

"முதல்ல குடத்தை எடுடி, என் குடம் பின்னாடி நிக்குது!" வரிசையில் யாரோ ஒருத்தி.

"ஒரு பேரு! ஒண்ணே ஒண்ணு!" அவள் படிக்கட்டில் நின்று கத்தினாள். மேலிருந்து இறங்கி வந்த கணக்காளர் சுவரோடு ஒதுங்கிப் போனார். "நீங்க அடிச்சுக்கிட்டு முடிக்கறதுக்குள்ள வீடே இருக்காது, தெரியுமா?"

"அம்மாடி," அம்மாவின் குரல் சற்றுத் தள்ளிப் போயிருந்தது, வரிசையை விட்டு நகர்ந்திருக்க வேண்டும். "ஆட்டோக்காரன்கிட்ட நான் ஏணிச் சந்துன்னுதான் சொல்லுவேன். அப்பத்தான் அவனுக்கு வழி தெரியும். கேஸ் கொண்டு வர்றவனும் அப்படித்தான் கேட்டுட்டு வர்றான்."

தெருவின் கோடியில் டிப்போச் சுவரில் ஓர் இரும்பு ஏணி சாய்ந்திருக்கும். அதில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பஸ்களுக்கு நடுவே புகுந்து போனால் மெயின் ரோடு. தெருவே அப்படித்தான் வேலைக்குப் போகிறது. ஊர் முழுக்கக் கூப்பிடுகிற பெயர் அது. அது பெயர் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

"அதை எழுதாத." அப்பாவின் குரல். இரவு முழுக்க ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர். சத்தத்தில் எழுந்து வந்து போனைப் பிடுங்கியிருக்கிறார். "ஏணின்னு எழுதினா செவுரு ஏறிக் குதிக்கறோம்னு நீயே காட்டிக் குடுக்கற மாதிரி. நாளைக்கே செவுத்து மேல கண்ணாடிச் சில்லு பதிப்பான்."

"வேற பேர் சொல்லுங்க, எழுதறேன்."

"எந்தப் பேரும் வேணாம். நம்மள அதுல காட்டவே காட்டாத."

"அப்பா, இருவது வருஷமா குடம் தூக்கறது அம்மா. நீங்க இல்ல."

அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெதுவாகத்தான் சொன்னார். "நீ வயித்துல இருக்கறப்ப வாய்க்கா ஓரத்துல இருந்தோம். இடிக்க வந்தவன் கையிலயும் ஒரு மேப்பு இருந்துச்சு. நான் எட்டிப் பாத்தேன். நம்ம வீடு அதுல அழகா கட்டம் போட்டு இருந்துச்சும்மா. மேல சிவப்புல ஒரு பெருக்கல் குறி. என் வாழ்க்கைல நான் மேப்புல இருந்தது அந்த ஒரு வாட்டிதான்."

இத்தனை நேரம் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. இவர் பயந்தாங்கொள்ளியாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். இடிக்க வருகிறவனும் குழாய் போட வருகிறவனும் ஒரே தாளைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். அவள் போடுகிற கட்டத்தில் இன்னாருக்கு மட்டும் தெரியட்டும் என்று எழுத எந்த மெனுவிலும் வழியில்லை.

போன் மறுபடி அம்மா கைக்குப் போயிருந்தது.

"எழுதினா தண்ணி வந்துடுமாடி?"

"வரும்னு சொல்ல முடியாதும்மா. எழுதலன்னா வராது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"உங்கப்பா சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான்." அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றும் மூச்சு கேட்டது. "என் தோள்பட்டைதான் ரெண்டுக்கும் ஒத்துக்க மாட்டேங்குது. வெச்சுடட்டுமா? லாரிக்காரன் கத்தறான்."

இருக்கைக்குத் திரும்பியபோது செக்கிங் சார் அவள் நாற்காலியருகே நின்றிருந்தார். அவள் உட்கார்ந்து, சிவப்புக் கோட்டைத் தொட்டு, பெட்டியில் 'ஏணி' வரைக்கும் அடித்து நிறுத்தினாள். அப்பாவின் மேல் கோபம், சரியாகச் சொல்லிவிட்டாரே என்று. பிறகு 'ஏணித் தெரு' என்று முடித்தாள். சந்து என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. கோடு சாம்பல் நிறத்துக்கு மாறியது. எழுத்து அதன் மேல் வளைந்து படுத்தது.

"ஏணித் தெருவா? யார் சொன்னா?" என்றார் அவர். "ஆதாரம் என்னன்னு கீழ போடணுமே."

"நான்தான் சார்."

"நீன்னா?"

"இதுல கடைசி வீடு எங்க வீடு. தார்ப்பாய் போட்டது." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெயின் ரோடுன்னு சொன்னது பொய்."

பக்கத்து மேசையில் விசைப்பலகைச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக. செக்கிங் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். டிப்போ பின்பக்கம் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்ததா, வரவில்லையா, தெரியவில்லை. குனிந்து, ஆதாரம் என்ற இடத்தில் 'நேரில் தெரிந்தது' என்று தானே அடித்தார். பிறகு தாளை மூடினார். எதுவும் துடைபடவில்லை.

அச்சு எடுக்கும் அறையில் அந்தப் பெரிய இயந்திரம் இரைந்துகொண்டு தாளை வெளியே தள்ளியது. அவள் முன்னால் போய் நின்றாள். முதலில் மெயின் ரோடு வந்தது, அடுக்குமாடிகள் வந்தன, டிப்போ வந்தது, அதன் நீளச் சுவர் கறுப்பாக வந்தது. சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தாள், அப்பா. இந்நேரம் தூங்க வேண்டியவர். எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எடுக்காமலிருக்கவும் கை வரவில்லை. இயந்திரம் இடமும் வலமுமாக ஓடி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கூரையை வெளியே விட்டது. டெய்லர் அக்கா வந்தாள், பெரியப்பா வந்தார். சித்தி வீடு பாதி வந்தபோது மை உலர்வதற்காக இயந்திரம் நின்று மூச்சு வாங்கியது. போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. 'ஏணித்' என்பது வரைக்கும் ஈரமாக வெளியே வந்திருந்தது. கடைசி வீடு இன்னும் இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது.