மொட்டைக்கு ஒரு மடி

எனக்குத் தலையில் மட்டுமல்ல, புருவத்திலும் முடி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கொத்துக்கொத்தாகக் கொட்டிவிட்டது. ஜொகூரில், கெலாங் பாத்தாவில் ஒற்றை அறை, கிடங்கில் வேலை, எந்நேரமும் தொப்பி. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். சௌகரியம்தான், போங்கள்!

அதுகூடப் பரவாயில்லை. பெக்கோக் ஊரில் என் தங்கை மலரின் மகளுக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான். போனில் மலர் பேச்சை இழுத்தாள்.

“மாமியாருக்குப் பயம்ணே. பிள்ளைக்கு ஒட்டிக்குமோன்னு...”

“அலமாக்! நான் என்ன சொறிசிரங்கா, ஒட்டிக்க?”

கோபமாகத்தான் கேட்டேன். மறுநாளே லீவு போட்டுவிட்டுத் தோல் டாக்டர் ஜஹானாராவிடம் போனேன்.

“ஒட்டவே ஒட்டாது, சுகுமாறன். முடி வேருக்கு அடியில இருக்கிற செல்லுங்க ‘எழுந்திரு, வளரு’ன்னு சிக்னல் அனுப்பும். அதைக் கேட்டுத்தான் மூல செல்லுங்க புது முடி வளர்க்கும். உங்க உடம்போட காவல் செல்லுங்க வேரையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. அதான் சிக்னல் குழம்பிப்போச்சு. வேர் சாகல, தூங்குது.”

“எனக்கு மட்டும் ஏன் டாக்டர்?”

“ஜீனும் ஒரு காரணம். ஆனா பல ஜீன் சேரணும், வேற ஏதாவது கிளப்பியும் விடணும். குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தாலும் மத்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு வராது.”

ஒட்டாது! கிளினிக் வாசலிலிருந்தே மலரை அழைத்தேன். அந்த ஒரு சொல்லோடு வாயை மூடினேனா? பெரிய மேதாவி மாதிரி அளந்தேன்.

“ஒட்டாது லா! இது ஜீன்ல வர்றது.”

மலர் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்போ நம்ம ரத்தத்துல இருக்கா? என் பிள்ளைக்கும் வருமாண்ணே?”

“ஐயோ, அப்படியில்லம்மா, டாக்டரே சொன்னாங்க...”

“மாமியார் வர்றாங்க. அப்புறம் பேசறேன்.”

அப்புறம் அவள் பேசவேயில்லை. நான் வேட்டியைத் தேய்த்து வைத்திருந்தேன். பிள்ளைக்கு வெள்ளி அரைஞாணும் வாங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு படம் மட்டும் வந்தது. மாமன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். மலர் புருஷனின் கூட்டாளி. அவன் மடியில், தலை நிறையச் சந்தனத்தோடு என் மருமகள். அந்த மொட்டைத் தலையைத் தடவ எத்தனை கைகள்! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளுக்குப் புருவம்கூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. அச்சு அசல் என் முகம்.

‘யார் ஜாடைன்னு தெரியுதா?’ என்று மலருக்கு எழுதினேன். அதை அழித்துவிட்டு, ‘அழகா இருக்கா’ என்று மட்டும் அனுப்பினேன்.