வினிதா சொல்லாத பெயர்கள்

திருவேட்டக்குடியில் பதிவு எண் எழுதாத படகைக் கடலில் இறக்க முடியாது. மணிவேல் எண்ணோடு விட்டானா? மனைவி வினிதாவின் பெயரையும் போன் நம்பரையும் முழ நீளத்துக்குப் படகில் எழுதி வைத்தான். யாரும் கேட்கவில்லை. மனுஷன் அப்படி.

அதே கையால்தான் வினிதாவின் இணையதளத்துக்கும் பெயர் பதிவு செய்தான். கரையில் மீன் என்ன விலைக்கு ஏலம் போனது, காரைக்கால் மார்க்கெட்டில் என்ன விலைக்கு விற்றது, இரண்டையும் தினமும் மாலையில் அதில் போடுவாள். விலையைச் சொல்வது கூடையில் மீன் விற்கும் பெண்கள். ஏல வியாபாரி தெட்சிணாமூர்த்தி கரையில் ஒரு கதை, டவுனில் ஒரு கதை என்று அளந்துகொண்டிருந்தார். தளம் வந்தபிறகு அவர் கதை எடுபடவில்லை. அவரிடம் மீன் எடுத்துத்தான் அந்தப் பெண்களுக்குப் பிழைப்பு. அதனால், "ஒங்க பேரு எங்கயும் வராது" என்று வினிதா வாக்குக் கொடுத்திருந்தாள். தன் பெயரையும் தளத்தில் போடவில்லை.

பதிவு செய்யும்போது கம்பெனிக்காரன் தளம் யாருடையது, பெயர், முகவரி, போன் எல்லாம் கேட்டான்; மணிவேல் வினிதாவுடையதைக் கொடுத்தான். கடைசியில், இதை ஊர் உலகம் பார்க்கலாமா என்று ஒரு கேள்வி. மறைப்பதுதான் வழக்கமாம். 'மறைக்க நாம என்ன திருட்டுப் படகா?' என்று மணிவேல் ஒரு டிக் அடித்துவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டான். வினிதாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாரோ சொல்லிக்கொடுத்து, தெட்சிணாமூர்த்தி அந்தப் பதிவைத் தேடிப் பிடித்தார். மறுநாள் ஏலக் கொட்டகையில், எல்லோர் முன்னாலும் வினிதாவிடம் போனை நீட்டினார்.

"ஒன் பேருதானே இது? இதே நம்பரு ஒன் படகுலயும் இருக்கு."

மணிவேல் குறுக்கே வந்தான். "அது நான் போட்டதுங்க..." என்று இழுத்தான். வினிதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கே அவன் பாதி செத்தான்.

"எம் பேருதாங்க" என்றாள்.

"டவுன் வெல ஒனக்கு எப்புடித் தெரியுது? எவளெவ சொல்றான்னு மட்டும் சொல்லிடு. ஒங்க மீன வழக்கம்போல நானே ஏலம் விடுறேன். இல்லன்னா படக மணல்ல ஏத்திப் போட்டுக்க."

சுற்றிலும் நின்ற பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத ஐஸைக் கூடையில் அள்ளிப் போட்டாள். ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிடேன் என்று மணிவேல் மனசுக்குள் கெஞ்சினான். வெட்கக்கேடுதான், ஆனாலும் கெஞ்சினான்.

"எம் பேரு வெளிய வந்தது எங்க வீட்டுத் தப்புங்க. அதுக்கு எங்கள என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க. இன்னொரு பேரு எங்கிட்டேருந்து வராது."

குரல் உயரவில்லை, இறங்கவுமில்லை. பேய்க்காற்றில் படகு ஓட்டியவன்தான் மணிவேல். ஆனால் இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை அவன் பார்த்ததில்லை. இவளையா நாம் கட்டியிருக்கிறோம் என்று வாயைப் பிளந்து நின்றான்.

அன்று அவர்கள் மீன் ஏலத்துக்குப் போகவில்லை. ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு சுரக்குடித் தெருக்களில் மணிவேல் கூவி விற்றான். பாதிதான் போனது. நாளைக்கும் இதே பாடுதான் என்று அவனுக்குத் தெரியும்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பதிவைத் திறந்து எல்லாவற்றையும் மறைத்தான். "தப்புப் பண்ணிட்டேன் புள்ள. படகு மாதிரின்னு நெனச்சேன்."

"படகு காணாமப் போனா தேடுறதுக்குப் பேரு வேணும். நம்ம வீட்ட எவன் தேடி வரணும்?" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அதுகூடப் போவுதுங்க. இனிமே அவங்க யாரும் பேச மாட்டாங்களோன்னுதான் பயமாருக்கு."

விலை வரும் நேரம் தாண்டியது. போன் சும்மா கிடந்தது. காலையில் கலங்காதவள் இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்க்க மணிவேலுக்குத் தாங்கவில்லை.

போன் அடித்தது. விலையைக் கேட்டு எழுதிக்கொண்டாள். வைத்ததும் மறுபடி அடித்தது. அதற்குப் பிறகு ஓயவில்லை. இதுவரை பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று அவள் முகமே சொன்னது. ஒரு அழைப்புக்கு மட்டும் திடுக்கிட்டு எழுந்து நின்றாள். "நீங்களா... சரிங்க, சொல்லுங்க" என்று கேட்டு எழுதினாள்.

மணிவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "யாரு புள்ள அது? எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

வினிதா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வெலய சைட்டுல ஏத்தணும். கொஞ்சம் நகருங்க."