கறுப்பு பெயிண்ட் அடித்த ஜன்னல்

கறுப்புச் சட்டையில் கருநீல நூலை ஓட்டிவிட்டாள் தையல்காரி. சட்டைக்காரர் அதை வெயிலில் பிடித்துக் காட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

தையல் அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல். அது பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்த்து இருந்தது. அந்த வீட்டில் இருந்தவர் அவளுடைய மூத்தார், அதாவது கணவனின் அண்ணன். "எங்க முற்றத்துல நடக்கறதை எவளும் பார்க்க வேண்டாம்" என்று மூன்று வருடத்துக்கு முன் நான்கு கண்ணாடிக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்தவர் அவர்தான். அண்ணனிடம் வாயே திறக்காத கணவன், கூரையில் ஒரு பேனல் லைட்டை மாட்டிக் கொடுத்து விஷயத்தை முடித்துக்கொண்டான். இப்போது அதுவும் விட்டு விட்டு எரிந்தது.

"புது லைட் மாட்டித் தர்றேன். அண்ணன்கிட்ட எதுக்கு வம்பு?" என்றான்.

"மாட்டுங்க, ராத்திரிக்கு ஆகும். பகலுக்கு எனக்கு ஜன்னல் வேணும்."

பெயிண்டைச் சுரண்டினாள், பழைய கண்ணாடிகள் விரிசல் விட்டன. கண்ணாடிக் கடைக்காரர் மூத்தாரின் கூட்டாளி. "அறுத்து வேணா தர்றேன்மா, வந்து மாட்டமாட்டேன்" என்று நழுவினார்.

"அறுத்துக் குடுங்க, போதும். அளவெடுக்கறதுதானே என் பொழப்பு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் கதவை உள்பக்கம் திறந்து வைத்து வேலையைத் தொடங்கினாள். கண்ணாடியைப் பிடித்திருந்த லப்பம் கல்லாகிக் கிடந்தது. உளியால் தட்டித் தட்டிப் பெயர்த்தாள். மூன்று கண்ணாடி முடிந்தபோது முற்றத்தில் மூத்தார் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு இதை எடுத்தே?"

"நீங்க யாரைக் கேட்டு பெயிண்ட் அடிச்சீங்க, மாமா?"

"பெரியவன்னு ஒரு மரியாதை இருக்கா?"

"அதனாலதான் மூணு வருஷம் இருட்டுல தைச்சேன். தீர்ந்துபோச்சு."

நான்காவது கண்ணாடி அவள் கையில் ஆடியது. வாசற்படியில் நின்றிருந்த கணவன் வந்து அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அண்ணன் பக்கம் அவன் திரும்பவில்லை. ஆனால் லப்பம் வைத்து முடியும்வரை கையை எடுக்கவும் இல்லை.

மறுநாள் விடிந்தபோது முற்றத்தின் குறுக்கே ஒரு தார்ப்பாய் தொங்கியது. அவள், கணவன் மாட்டித் தந்த புது லைட்டைப் போட்டுக்கொண்டு தைத்தாள். ஆனாலும் தினமும் காலையில் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்தாள்.

நான்காம் நாள் தார்ப்பாய் தொப்பென்று விழுந்தது. கயிற்றை அறுத்த கத்தியோடு ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, நின்றிருந்தாள். ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது.

"என் அடுப்படியும் சேர்ந்து இருண்டு போச்சு. இவரு வீம்புக்கு நான் விரலை நறுக்கிக்கணுமா?"

உள்ளேயிருந்து மூத்தார் ஏதோ கத்தினார்.

"அப்ப நீங்களே வந்து சமைங்க!" என்று ஓரகத்தி திருப்பிக் கத்தினாள்.

பிறகு தையல்காரியின் ஜன்னலருகே வந்தாள். "லப்பம் மிச்சம் இருக்கா? அடுப்படி ஜன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சு, ரொம்ப நாளா அட்டைதான் வச்சிருக்கேன்."

"நிறைய இருக்குக்கா. இதோ வர்றேன்."

மூன்று வருடமாக மிதிக்காத அந்த வீட்டுக்குள் தையல்காரி வாசல் வழியாகவே போனாள். நடையில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் மூத்தார்.

"கொஞ்சம் காலை மடக்குங்க, மாமா. வேலை கிடக்கு."

மடக்கிக்கொண்டார்.